ஆரா படத்தில் ஒளிர்வது எது?

"ஒரு ஆரோக்கியக் கண்காட்சியில் பத்து விரலையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். திரையில் ஒவ்வொரு விரலைச் சுற்றியும் நீல ஒளி வந்தது. இடது மோதிர விரலில் மட்டும் ஒரு பக்கம் ஒளி விட்டுப்போயிருந்தது. அந்த இடத்துக்கு உரிய சக்கரத்தில் பிராணசக்தி குறைவு, எட்டு சிட்டிங் வந்தால் நிரம்பிவிடும் என்கிறார்கள். படம் என் கண்ணெதிரே எடுத்ததுதானே, அது எப்படிப் பொய்யாகும்?" இது வாசகர் ஒருவரின் கேள்வி.

படம் பொய்யில்லை, ஒளியும் நிஜம்தான். விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று ஒளிர்கிறது. அதைப் பிராணன் என்று சொல்வதில்தான் தகராறு.

இந்தப் படத்துக்குக் கிர்லியன் புகைப்படம் என்று பெயர். 1939-ல் ரஷ்யாவின் தெற்கே கிராஸ்னதார் நகரில் மின்கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த செமியோன் கிர்லியன், ஓர் உயர் அதிர்வெண் மின்சிகிச்சைக் கருவியில் நோயாளியின் தோலுக்கும் கண்ணாடி மின்வாய்க்கும் (எலெக்ட்ரோடு) இடையே குட்டிக் குட்டி மின்னல்கள் பாய்வதைப் பார்த்தார். இதை ஃபிலிமில் பிடித்தால் என்ன என்று தோன்றியது. மனைவி வலெந்தினாவோடு சேர்ந்து பல ஆண்டு உழைத்தார். 1970-களில் இது அமெரிக்காவுக்குப் போனது. உடம்பைச் சுற்றி இருப்பதாகச் சொல்லப்படும் ஒளிவட்டம், அதாவது ஆரா என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. இங்கே அதற்குத் தோதாக நடராசர் சிலையைச் சுற்றியிருக்கும் திருவாசியைக் காட்டி, "நம்ம முன்னோர் அப்பவே பார்த்திருக்காங்க" என்கிறார்கள். திருவாசி செய்த ஸ்தபதிக்கு இருபதாயிரம் வோல்ட் தேவைப்படவில்லை.

கருவி ரொம்ப எளிது. அடியில் ஓர் உலோகத் தகடு, அதன் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி. கண்ணாடி மேல் ஃபிலிம், ரசாயனம் பூசிய பக்கம் மேலே பார்த்தபடி. ஃபிலிம் மேல் விரல். அறை முழு இருட்டு. தகட்டுக்குச் சில ஆயிரம் முதல் இருபதாயிரம் வோல்ட் வரை, நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னழுத்தம் ஒன்றிரண்டு நொடி. அவ்வளவுதான், லென்ஸ் கிடையாது. நடுவில் கண்ணாடி இருப்பதால் நேரடியாக மின்சாரம் பாயாது. மின்தேக்கியில் போல மிகச் சிறிய மாறுமின்னோட்டம் மட்டுமே கடக்கும். விரலில் லேசான குறுகுறுப்போடு முடிந்துவிடும். யூடியூப் பார்த்து மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி இதைச் செய்து பார்க்க நினைத்தால் வேண்டாம். அது தரும் மின்னோட்டம் ஆளைக் கொல்லும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கடையில் உள்ள கருவியில்கூட விரல் வைக்கக் கூடாது.

இனி அந்தக் காற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே இந்த இடம்தான்.

விரல் நுனி உருண்டை. நடுவில் தோல் ஃபிலிமைத் தொட்டுக்கொண்டிருக்கும்; அங்கே இடைவெளி பூஜ்யம். வெளியே போகப்போக இடைவெளி மெல்ல அகலும். முதலில் ஒரு மைக்ரோமீட்டர், பிறகு பத்து, பிறகு ஒரு தலைமுடியின் தடிமன், கடைசியில் மில்லிமீட்டர் கணக்கு. காற்று உடைந்து மின்சாரம் பாய எத்தனை வோல்ட் வேண்டும் என்பது இந்த இடைவெளியைப் பொறுத்தது. 1889-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிஷ் பாஷென் இதை அளந்தபோது வேடிக்கையான ஒன்று தெரிந்தது. இடைவெளி குறையக் குறைய காற்றை உடைக்கத் தேவையான வோல்ட் குறைகிறது. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு திடீரென்று ஏறுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அந்தத் திருப்பம் ஏழெட்டு மைக்ரோமீட்டரில் வருகிறது. தேவை சுமார் 330 வோல்ட். அதைவிடக் குறுகிய இடுக்கில் எலெக்ட்ரானுக்கு மோதுவதற்கே போதுமான மூலக்கூறு அகப்படாது. ரொம்ப அகன்ற இடத்திலோ மின்புலம் நீர்த்துப்போயிருக்கும். ஆகவே நடு இருட்டு, தூரமும் இருட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட வளையம் மட்டும் ஒளி. விரலைச் சுற்றிய 'ஆரா' வளையமாக இருப்பதற்கு இதுவே காரணம். விரலைக் கொஞ்சம் அழுத்தினால் வளையம் விலகும். சாய்த்து வைத்தால் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் விட்டுப்போகும். மோதிர விரலைத் தனியாக நேராக ஊன்றுவது எத்தனை சிரமம் என்பதை இப்போதே மேசை மேல் வைத்துப் பாருங்கள்.

வளையத்துக்குள் நடப்பது இன்னும் அழகு. காஸ்மிக் கதிர்களாலும் மண்ணிலிருந்து வரும் கதிரியக்கத்தாலும் காற்றில் எப்போதும் ஓரிரண்டு எலெக்ட்ரான்கள் அங்கங்கே விடுபட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒன்று இந்த இடுக்கில் அகப்பட்டால் மின்புலம் அதைப் பிடித்து இழுக்கும். இழுத்த வேகத்தில் அது ஆக்சிஜன் மூலக்கூறிலோ நைட்ரஜன் மூலக்கூறிலோ மோதும். ஆக்சிஜனிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க சுமார் 12 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும், நைட்ரஜனுக்கு 15.6. அந்த அளவு வேகம் சேர்ந்திருந்தால் மோதலுக்குப் பிறகு இரண்டு எலெக்ட்ரான். இரண்டும் ஓடி மோதி நான்கு, பிறகு எட்டு. இருபது தடவை இரட்டித்தால் பத்து லட்சம் தாண்டிவிடும், இருபத்தேழு தடவையில் பதின்மூன்று கோடி. மீட்டர் வட்டிகூட இப்படிக் குட்டி போடாது. எல்லாம் ஒரு நொடியின் கோடியில் சில பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

ஏறக்குறைய பத்துக் கோடியை எட்டும்போது கூட்டத்தின் குணமே மாறுகிறது. அந்தக் குவியலின் சொந்த மின்புலமே வெளியிலிருந்து கொடுத்த புலத்துக்குச் சமமாகிவிடும். அதோடு அது உமிழும் புறஊதா ஒளி, கொஞ்சம் தள்ளி இருக்கும் மூலக்கூறுகளிலிருந்து புதிய எலெக்ட்ரான்களைத் தட்டிவிடும். அவையும் இதேபோல் பெருகி, தனித்தனிக் கூட்டங்களாகி முதல் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து சேரும். கிளை கிளையாகப் படரும் ஒளிக்கற்றை இப்படித்தான் உண்டாகிறது. விரலின் பக்கம் நேர்மின்னாக இருக்கும் அரைச் சுற்றில் மரக்கிளை மாதிரி விரிகிறது. எதிர்மின்னாக இருக்கும் அரைச் சுற்றில் மழுங்கிய விசிறி மாதிரி. இந்த வித்தியாசத்தை 1777-லேயே ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியலாளர் லிஷ்டன்பெர்க் பிசின் தட்டின் மேல் விழுந்த தூசியில் பார்த்துவிட்டார். கந்தகத் தூளும் ஈயச் செந்தூரமும் கலந்து தூவினால் மஞ்சள் ஒரு வடிவத்திலும் சிவப்பு வேறு வடிவத்திலும் ஒட்டும். நாம் இன்று ஜெராக்ஸ் எடுப்பது அந்தத் தூசியின் பேரன் வழிதான்.

கற்றை ஏன் வளர்ந்துகொண்டே போய் முழு மின்னலாகவில்லை? அது கொண்டுவந்து கொட்டும் மின்னூட்டம் ஃபிலிமின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. தங்கிய மின்னூட்டம் புலத்தை எதிர்க்கிறது. தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு கற்றை அணைந்துவிடும். அடுத்த அரைச் சுற்றில் திசை மாறியதும் மறுபடி எழும்.

அடிபட்ட நைட்ரஜன் மூலக்கூறு பழைய நிலைக்குத் திரும்பும்போது உமிழும் ஒளி பெரும்பாலும் 337, 357 நானோமீட்டர் போன்ற புறஊதாவிலும் அதை ஒட்டிய ஊதாவிலும் வருகிறது. கண்ணுக்கு எட்டுவது ஊதாவின் வால் மட்டும். யோகி விரலிலும் கொலைகாரன் விரலிலும் அதே நைட்ரஜன், அதே நிறம். அப்படியானால் பழைய கலர் ஃபிலிம் படங்களில் சிவப்பும் மஞ்சளும் எங்கிருந்து வந்தன? கலர் ஃபிலிமில் மேலே நீலத்துக்கான அடுக்கு, நடுவில் பச்சைக்கு, அடியில் சிவப்புக்கு. ஃபிலிம் கொஞ்சம் நெளிந்து கண்ணாடியைவிட்டு எழும்பினால் அதன் முதுகுப் பக்கமும் காற்று புகுந்து அங்கேயும் மின்னிறக்கம் (காற்றை உடைத்து மின்சாரம் பாய்வது) நடக்கும். அந்த ஒளி முதலில் சிவப்பு அடுக்கைத் தாக்கும், படம் சிவக்கும். 1973-ல் இதை விளக்கி எழுதிய இருவரில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டின் வில்லியம் டில்லர். நுண்சக்திகள் உண்டு என்று நம்பியவர் அவர். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்க, தட்டையாக இல்லாத ஃபிலிம்தான் நிறத்துக்குக் காரணம் என்று எழுதினார் பாருங்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அடுத்து வியர்வை. 1976-ல் 'சயின்ஸ்' இதழில் பெஹெக், கைலர், ஃபௌஸ்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, உயிருள்ளவர்களின் படங்களில் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதிக்குத் தோலின் ஈரமே போதுமான காரணம் என்று காட்டியது. விரலின் ஈரம் ஃபிலிமுக்கு ஒட்டிக்கொள்கிறது, ஈரமான பரப்பில் மின்னூட்டம் நின்ற இடத்தில் நிற்காமல் பரவிவிடுகிறது, புலத்தின் வடிவம் மாறுகிறது, கற்றைகளும் மாறுகின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளங்கை, விரல் நுனி வியர்வைச் சுரப்பிகள் வெயிலைவிட மனநிலைக்கே அதிகம் அசையும். பதற்றம் என்றால், நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் சிம்பதெடிக் நரம்புகள் அவற்றைத் தூண்டிவிடும். ஆகவே படத்துக்கும் மனசுக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பதறிப்போய் வந்தவர் ஏசி அறையில் முக்கால் மணி நேரம் கண்ணை மூடிப் படுத்து, பரிவோடு ஒருவர் பேசுவதைக் கேட்டு எழுந்தால், கை உலர்ந்திருக்கும், விரலை வைக்கும் அழுத்தமும் தளர்ந்திருக்கும். 'சிட்டிங்குக்கு முன், பின்' படங்கள் வேறாக இருப்பதில் அதிசயமில்லை. ஓய்வு கிடைத்தது உண்மை. அதை நாடி பிடித்தே சொல்லிவிடலாம், தோலின் மின்தடையை ஒரு மல்டிமீட்டர் வைத்தே பார்த்துவிடலாம்.

பாதி வெட்டிய இலையின் படத்தில் முழு இலையின் வடிவம் தெரிகிறது என்று ஒரு கதை இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முழு இலையை முதலில் அதே தட்டில் வைத்து அழுத்திவிட்டுப் பிறகு வெட்டினால், அது விட்டுப்போன ஈரத் தடம் ஒளிரும். தட்டைத் துடைத்தால் 'ஆவி இலை' போய்விடும்.

இப்போது வருபவை பெரும்பாலும் ஃபிலிம் இல்லாத கருவிகள். கண்ணாடிக்கு அடியில் ஒளிபுகும் மின்வாய், அதற்குக் கீழே கேமரா. ஒளி சாம்பல் நிறப் படமாகத்தான் வரும். நிறத்தை மென்பொருள் பூசும். மனித உருவத்தைச் சுற்றி வானவில் காட்டும் 'ஆரா கேமரா' வேறு வகை. அதில் கை வைக்கும் தகடு தோலின் மின்கடத்தலை அளக்கும், அந்த எண்ணுக்கு ஏற்ற நிறத்தை முகப் படத்தின் மேல் கருவியே இட்டுக்கொள்ளும். அங்கே ஒளிர்வது காற்றுகூட இல்லை.

வாசகர் அடுத்த முறை அந்த ஸ்டாலுக்குப் போனால் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். அதே விரலை எடுத்து எடுத்து வைத்து பத்துப் படம். பத்தும் ஒரே மாதிரி வருகிறதா? பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து ஒரு படம். சானிடைசர் தேய்த்து உலர்ந்ததும் இன்னொன்று. கை கிரீம் தடவி மற்றொன்று. கடைசியில் இரண்டு ரூபாய் நாணயம். இதில் ஒரு சூட்சுமம்: நாணயத்தைச் சும்மா வைத்தால் ஒளி மங்கலாகத்தான் வரும், "பார்த்தீங்களா, உயிரில்லை" என்பார்கள். மனித உடம்பு பெரியது, மின்னூட்டம் போய்வர அதில் இடமிருக்கிறது. குட்டி நாணயத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு கம்பியால் நாணயத்தை எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். திருவாசி போல ஜொலிக்கும்.

உடம்பு எதையுமே உமிழ்வதில்லை என்று யாரும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறார். இதயத்தின் காந்தப்புலத்தை நெஞ்சுக்கு அருகே அளக்கலாம்; பூமியின் புலத்தைவிட அது சில லட்சம் மடங்கு சிறிது. தோலிலிருந்து நிஜமாகவே ஒளி வருகிறது என்பதையும் 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் படமெடுத்துக் காட்டினார்கள். செல்லின் வேதிவினைகளிலிருந்து கசியும் அந்த ஒளி நம் கண்ணின் உணர்திறனுக்கு ஆயிரம் மடங்கு கீழே. கன்னத்தில் அதிகம், மாலை நாலு மணி வாக்கில் உச்சம். இதற்கு வோல்ட் எதுவும் தேவையில்லை, கடுங்குளிரூட்டிய கேமராவும் கும்மிருட்டும் பொறுமையும் வேண்டும். ஆய்வுப் பணம் போக வேண்டிய இடம் இது என்பது என் கட்சி. ஆரா படத்துக்கு "மேலும் ஆய்வு தேவை" என்று திட்ட அறிக்கை எழுதுபவர்கள் முதலில் அந்த இரண்டு ரூபாய் நாணயத்தைச் செலவழிக்கட்டும். எட்டு சிட்டிங்குக்காக யாராவது இன்சுலினை நிறுத்தும்போது இது வெறும் வேடிக்கைப் படமாக இருப்பதில்லை.

இதே ஊதா ஒளியை நம்பிப் பிழைக்கும் ஒரு தொழில் உண்டு. உயர் அழுத்த மின்கம்பிகளின் பீங்கான் இன்சுலேட்டர்களில் கடற்கரைப் பக்கம் உப்பு படியும். தூறல் விழும் இரவில் அந்த உப்பு நனைந்து, கோபுரத்துக்கு அடியில் நின்றால் சீறும் சத்தம் கேட்கும். இருட்டு போதுமானதாக இருந்தால் ஊதாப் பொட்டுகளும் தெரியும். பராமரிப்புக்காரர்கள் பட்டப்பகலிலேயே இதைத் தேடுகிறார்கள். 240 முதல் 280 நானோமீட்டர் வரையிலான சூரிய ஒளியை மேலே இருக்கும் ஓசோன் விழுங்கிவிடுவதால், அந்த அலைநீளத்தை மட்டும் பார்க்கும் கேமராவுக்குப் பகல் வானமும் கறுப்புதான். மின்னிறக்கம் மட்டும் வெள்ளையாகத் துடிக்கும். எந்த இன்சுலேட்டரில் ஆரா பலமாக இருக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, லைனை நிறுத்தி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள்.