மேட்டூர் சாம்பலும் ஏரிக்கரை ரோடும்: 300 கிலோமீட்டர் விதி என்ன சொல்கிறது?

ஏரிக்குக் கீழே போகிற ரோடு இரண்டு மழைக்குள் ஏன் பள்ளமாகிறது என்று ஊரில் கேட்டால், கான்ட்ராக்டர் தாரைக் குறைத்துவிட்டார் என்பார்கள். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அடியில் இருக்கிற மண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலும் செம்மண். ரோடு போடத் தோதான மண்தான். தொல்லை ஆயக்கட்டிலும் தாழ்வான இடங்களிலும் கிடக்கிற களிமண்ணில். மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். மாங்காய் சீசனில் நாலு லோடு லாரி போனால் அதன் மேலே இருக்கிற ஜல்லியும் தாரும் சேர்ந்து இறங்கிவிடும்.

களியை முழுதாகத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புவது பழைய வழி. அதற்கு எங்காவது ஒரு கரட்டைக் குடைய வேண்டும், செலவும் கூடும். இருக்கிற மண்ணிலேயே வேறு பொருளைக் கலந்து கெட்டிப்படுத்துவது இன்னொரு வழி. அதற்கு நம் பக்கத்தில் கைக்கெட்டும் கழிவு, மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்து மிஞ்சுகிற சாம்பல். ஃப்ளை ஆஷ் கல் என்று வீடு கட்ட வாங்குகிறோமே, அதே சாம்பல்தான்.

இந்தச் சாம்பலை என்ன செய்ய வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-லேயே ஓர் அறிவிக்கை போட்டது. பல திருத்தங்களுக்குப் பிறகு, 2021 டிசம்பர் 31-இல் புதிய அறிவிக்கை வந்தது. அதன்படி, நிலக்கரி அல்லது பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் ரோடு போடுகிறவர்கள், ரோட்டுக்கும் மேம்பாலத்துக்கும் மண் மேடு எழுப்புகிறவர்கள், அணை கட்டுகிறவர்கள் எல்லோரும் சாம்பலைப் பயன்படுத்தியாக வேண்டும். அரசுத் துறை, தனியார் என்ற பேதம் இல்லை. மேட்டூரை வைத்து அளந்தால் அரூர், பென்னாகரம் முதல் ஊத்தங்கரை, ஓசூர் வரை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் முழுசாக இந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

இதில் எல்லோரும் பிடித்துக்கொள்கிற வார்த்தை 'இலவசம்'. சாம்பலை வேலை நடக்கும் இடத்துக்கே மின் நிலையம் தன் செலவில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று விதியில் இருப்பது நிஜம். ஆனால் மின் நிலையம் அந்த ரோடு போடும் துறைக்கோ நிறுவனத்துக்கோ நோட்டீஸ் கொடுத்தால்தான் அது பொருந்தும். சாம்பலை வேறு வழியில் தள்ளிவிட முடிகிற நிலையம், கேட்டு வருகிறவர்களிடம் சாம்பலுக்கும் வண்டி வாடகைக்கும் பேசிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். உலர் சாம்பலுக்கு சிமென்ட் ஆலைகளிடம் கிராக்கி உண்டு; அதைச் சும்மா கொடுக்க யாருக்கு மனசு வரும்? தண்ணீரோடு கலந்து குளத்தில் தேக்கி வைத்த சாம்பல் அவ்வளவு எளிதாக விலை போகாது. இலவசமாக வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம் என்று எதிர்பார்ப்பதே நல்லது.

நோட்டீஸ் வந்தும் வாங்காமல் விட்டால், ரோடு போடுகிறவர்கள் குறைவாகப் பயன்படுத்திய ஒவ்வொரு டன்னுக்கும் 1,500 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். இவ்வளவு சாம்பலைப் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற இலக்கை மின் நிலையம் எட்டாவிட்டால் அதற்கு டன்னுக்கு 1,000 ரூபாய்.

சரி, சாம்பலைக் கொட்டினால் களிமண் கெட்டியாகிவிடுமா? ஆகாது. விதியை விட இது முக்கியம். மேட்டூரில் எரிவது போன்ற நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அது தானாக இறுகாது. நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல். அது வேறு சங்கதி. மேட்டூர்ச் சாம்பலோடு கொஞ்சம் சுண்ணாம்போ சிமென்டோ சேர்த்து, ஈரப்பதம் பார்த்து, மண்ணோடு நன்றாகக் கலந்து ரோலர் ஓட்ட வேண்டும். அப்புறம் ஒரு வாரமாவது காயவிடாமல் தண்ணீர் காட்ட வேண்டும். சுண்ணாம்பும் சாம்பலும் வினைபுரிந்து மண்ணைப் பிணைப்பது மெதுவாகத்தான் நடக்கும். எவ்வளவு கலப்பது என்பதை ஆய்வகம் சொல்ல வேண்டும்: கலவையை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். சி.பி.ஆர். சோதனை என்பது இதுதான். குளத்துச் சாம்பல் இந்தக் கலவையை விட மேடு எழுப்பத்தான் உதவும். மண்ணை விட எடை குறைவு என்பதால் தளர்ந்த நிலத்தை அதிகம் அமுக்காது. ஆனால் காற்றிலும் மழையிலும் அரித்துப் போகும் என்பதால், இரண்டு பக்கமும் 1 முதல் 3 மீட்டர் அகலத்துக்கு நல்ல மண்ணால் அணை கட்டியே நிரப்ப வேண்டும்.

பிளாஸ்டிக் ரோடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பிளாஸ்டிக் மேலே இருக்கிற தார்க் கலவையில் சேர்வது. களிமண்ணுக்கு அதனால் ஒரு பலனும் கிடையாது. குப்பைக் கவர்களைப் பள்ளத்தில் போட்டு மூடிவிட்டு "பிளாஸ்டிக் போட்ட ரோடு" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் நடக்கிறது. ஏரி ஓரம், ஓடை ஓரம் சாம்பலைக் கொட்டிவிட்டு "இதற்குத்தான் அனுமதி இருக்கே" என்கிறார்கள். தாழ்வான நிலத்தைச் சாம்பலால் நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். எந்த இடம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு சாம்பல் என்பதை வாரியம் ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. சாம்பலில் ஆர்சனிக் போன்றவை சிறிதளவு இருக்கும். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிற ஊரில் அதைச் சாதாரணமாக விடக் கூடாது.

உங்கள் ஊர் ரோட்டுக்கு இது பொருந்துமா என்று பார்க்க, முதலில் வேலை நடக்கும் இடத்தில் வைக்கிற தகவல் பலகையில் எந்தத் திட்டம், எந்தத் துறை என்று பாருங்கள். மதிப்பீட்டு நகலில் மண் சோதனை முடிவும் அடி அடுக்கின் விவரமும் இருக்கும். கேட்டுத் தர மறுத்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் சாம்பல் போடவில்லை?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். அடிமண்ணின் சி.பி.ஆர். மதிப்பு என்ன, மின் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்ததா, வந்திருந்தால் எத்தனை டன்னுக்கு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தார் ஊற்றுவதற்கு முன்னால் கேட்பது உத்தமம். ஊற்றிய பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, போட்ட ரோட்டையே திரும்ப வெட்ட வேண்டியிருக்கும்.