யானை எங்கே செத்தது? தந்தத்தைக் கேளுங்கள்

தந்தம் பிடிபட்ட துறைமுகத்தை வைத்து, யானை செத்த காடு எது என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாட்டில் கொன்று, பக்கத்து நாட்டு வழியாகக் கப்பலேற்றுவது கடத்தல்காரர்களுக்குச் சாதாரணம். அப்புறம் காவலர்களை எந்தக் காட்டில் நிறுத்துவது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாஸர் இதற்கான விடையை டிஎன்ஏவில் தேடினார்.

முதலில், எந்த வட்டாரத்து யானைக்கு எந்த மாதிரி டிஎன்ஏ என்று ஒரு வரைபடம் வேண்டும். அதற்கு யானையின் லத்தி (சாணம்) போதும். அதன் மேல் குடல் செல்கள் ஒட்டியிருக்கும். டிஎன்ஏவின் சில இடங்களில் ஓரிரு எழுத்துகள் (அதன் வேதி அலகுகள்) திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது யானைக்கு யானை மாறும். ஆனால் ஒரே வட்டாரத்து யானைகளிடையே ஒற்றுமை அதிகம். இப்படி 16 இடங்களை ஒப்பிடுகிறார்கள். தந்தத்திலிருந்து டிஎன்ஏ எடுப்பதுதான் சிரமம். சும்மா அரைத்தால் சூட்டில் சிதைந்துவிடும். அதனால் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடிக்கிறார்கள்.

2015இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. 2006க்குப் பிறகு பிடிபட்ட பெரிய சரக்குகளில் பெரும்பாலானவை இரண்டே வட்டாரங்களைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வாழும் யானைகளின் தந்தம் தான்சானியாவையும் அதை ஒட்டிய மொசாம்பிக்கையும் காட்டியது. அங்கே அடர்ந்த மழைக்காடுகளில் வாழும் இன்னொரு வகை யானைகளின் தந்தம் காபோன், காங்கோ குடியரசு, கேமரூன் எல்லைகள் சந்திக்கும் பகுதியை.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். ஒரே யானையை இருமுறை சோதித்துச் செலவை ஏற்ற வேண்டாம் என்று, ஒவ்வொரு சரக்கிலும் ஜோடித் தந்தங்களை முதலிலேயே பிரித்து வைத்தார்கள். பாதிக்கு மேல் தந்தங்களுக்கு ஜோடியே இல்லை! சிலவற்றின் ஜோடி வேறொரு சரக்கில் கிடைத்தது. இரண்டும் பெரும்பாலும் ஒரே துறைமுகத்திலிருந்து, சில மாத இடைவெளியில் கிளம்பியவை. அதாவது, அனுப்பியது ஒரே கும்பல். மொம்பாசா (கென்யா), என்டெபே (உகாண்டா), லோமே (டோகோ) ஆகிய ஊர்களை மையமாகக் கொண்ட மூன்று பெரிய கும்பல்கள் இப்படித்தான் 2018 ஆய்வில் தெரிய வந்தன. ஒரு சரக்குக்காக மாட்டியவர் மேல் மற்றவற்றையும் சேர்த்து வழக்குப் போட இது வழி காட்டியது.

சரி, "இது சர்வதேசத் தந்த வணிகத் தடைக்கு முந்தைய பழைய தந்தம்" என்று மாட்டியவர் சொன்னால்? 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐ (கார்பனின் கதிரியக்க வடிவம்) ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. செடிகள் வழியாக இது யானையின் தந்தத்திலும் சேரும். பிறகு காற்றில் அது படிப்படியாகக் குறைந்தது. தந்தத்தின் வேர்ப்பகுதி கடைசியாக வளர்ந்தது என்பதால், அங்குள்ள அளவு யானை செத்த காலத்தைச் சொல்லும். 2016இல் வெளியான ஆய்வில் சோதித்தவற்றில் சுமார் 90 சதவீதம் பிடிபடுவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் செத்த யானைகளுடையவை. ஆனால் நிலக்கரி, பெட்ரோல் புகையில் கார்பன்-14 கிடையாது. அந்தப் புகை கலந்து கலந்து, காற்றின் அளவு ஏறக்குறைய குண்டுகளுக்கு முந்தைய நிலைக்கே இறங்கிவிட்டது. இனி புதுத் தந்தத்தையும் நூறு வருடத் தந்தத்தையும் இந்த ஒரு அளவை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினமாகும்.