கொண்டோ கதவிடம் கார்டு என்ன சொல்கிறது?

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) நிர்வாகக் குழுவில் போன வருடம் என்னையும் சேர்த்துவிட்டார்கள். பழைய கார்டு முறையையும் கேமராக்களையும் மாற்ற வேண்டும் என்பதுதான் முதல் கூட்டத்தின் பேச்சு. கேமரா எத்தனை, விலை எவ்வளவு என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். பத்தாவது மாடி அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து இரண்டு கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அலுவலகம் கொடுத்தது. இன்னொன்று, அலுவலகம் பூட்டியிருந்த ஒரு நாளில் மகனுக்காகச் சாவி வெட்டும் கடையில் 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) நகல் எடுத்தது. இரண்டுமே லாபி கதவைத் திறந்தன.

அது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் கடுகளவு சிப்பும்தான் இருக்கின்றன. கதவோரம் உள்ள ரீடர், விநாடிக்கு 125,000 முறை அலையும் ஒரு காந்தப்புலத்தை எந்நேரமும் பரப்பிக்கொண்டிருக்கிறது. கார்டைப் பக்கத்தில் கொண்டுபோனதும் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பள்ளியில் படித்த ஃபாரடேயின் மின்தூண்டல்தான் இது. அந்தத் துளி மின்சாரத்தில் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. வாய் இல்லாத சிப் எப்படிச் சொல்லும்? தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. அந்த ஏற்ற இறக்கம் ரீடரின் புலத்தில் தெரிகிறது. ரீடர் அதைப் படித்துக்கொள்கிறது. எனக்கு இன்றுவரை வியப்பு தீராத ஏற்பாடு இது.

ஆனால் இந்தப் பழைய வகைக் கார்டு யார் கேட்டாலும் அதே எண்ணைத்தான் சொல்லும். கேட்பது நம் கதவா, சாவிக் கடைக் கருவியா என்று அதற்குத் தெரியாது. கடைக்காரர் அந்த எண்ணை வாங்கி ஒரு வெற்றுக் கார்டில் எழுதிவிடுகிறார். பத்து விநாடி வேலை.

புது வகைக் கார்டுகள் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அவை எல்லாமே பாதுகாப்பானவை என்று நினைத்துவிட வேண்டாம். 1994இல் வந்த மைஃபேர் கிளாசிக் கார்டின் ரகசியக் குறியாக்கத்தை 2008இல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். அந்தக் கார்டு இன்றும் விலைப்பட்டியல்களில் வருகிறது. கேட்டு வாங்க வேண்டியது டெஸ்ஃபயர் போன்ற, ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள கார்டு. இதில் ரீடர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கி அனுப்பும். கார்டு தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் (அதுவும் ஒரு நீண்ட எண்தான்) அதை மாற்றித் திருப்பி அனுப்பும். சாவி மட்டும் கார்டை விட்டு வெளியே வருவதே இல்லை. நேற்றைய பதிலை ஒருவர் ஒட்டுக்கேட்டிருந்தாலும் இன்றைய கேள்விக்கு அது பொருந்தாது.

சரி, கார்டை மாற்றினால் போதுமா? ரீடரிலிருந்து, கதவைத் திறப்பதா என்று முடிவு செய்யும் உள்ளே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் ஒயரை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அதில் ஓடுவது வீகண்ட் என்ற பழைய முறை. பரவலாக உள்ள 26 பிட் வடிவத்தில் கட்டடத்துக்கு 8 பிட், கார்டு எண்ணுக்கு 16 பிட், பிழை பார்க்க 2 பிட். குறியாக்கம் ஏதும் இல்லை. எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும், சுவரிலிருந்து ரீடரைக் கழற்றி அந்த ஒயரில் ஒட்டுக்கேட்பவருக்கு எண் கிடைத்துவிடும். ஓஎஸ்டிபி என்ற முறையில் அந்த ஒயரிலும் குறியாக்கம் செய்யலாம். ரீடரைக் கழற்றினால் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் உடனே தெரிந்துவிடும். இன்னொன்று: கதவைத் திறக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் அந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அது வெளிச்சுவரில் மாட்டிய கருவியிலேயே இருந்தால், இரண்டு ஒயர்களைச் சேர்த்தாலே கதவு திறந்துவிடும்.

லாபி கதவைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மின்காந்தம். 600 பவுண்டு வகை ஏறக்குறைய 270 கிலோ இழுவையைத் தாங்கும். காந்தத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுந்தாலும் அந்தப் பலம் சட்டென்று குறைந்துவிடும். மின்சாரம் நின்றால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். இது குறைபாடு என்று எங்கள் கூட்டத்தில் சிலர் வாதாடினார்கள். இல்லை, தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேறுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் யாரும் கை வைக்கக்கூடாது. சாதாரண மின்தடைக்கு ஒரு பேட்டரி வைத்தால் சில மணி நேரம் ஓடும்.

கேமராவுக்கு வருவோம். எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட, ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரவிதி சொன்ன அளவு. 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2,560 பிக்சல் அகலம். அது 10 மீட்டர் லாபியைப் பார்த்தால் மீட்டருக்கு 256, முகம் தெரியும். அதே கேமராவைக் கார் நிறுத்துமிடத்தில் 40 மீட்டர் அகலத்துக்குத் திருப்பினால் 64தான். யாரோ போகிறார், சட்டை என்ன நிறம் என்பதோடு சரி. அதனால் அகலமான இடத்தில் ஒன்று போதும். லிஃப்ட் வாசல், படிக்கட்டுக் கதவு, கார்டு தட்டும் இடம் போன்ற குறுகலான இடங்களில் நெருக்கமாக ஒவ்வொன்று வைக்க வேண்டும்.

சேமிப்பையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிகாபைட் நிரப்பும். 16 கேமரா, 30 நாள் என்றால் கிட்டத்தட்ட 21 டெராபைட். எங்களுக்கு வந்த ஒரு விலைப்பட்டியலில் 8 டெராபைட் வட்டுதான் இருந்தது. 12 நாள்கூடத் தாங்காது.

கோலாலம்பூரின் இடி மின்னலையும் மறக்கக்கூடாது. ஜாகா (காவலர்) கொட்டகையிலிருந்து கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுத்தால், பக்கத்தில் விழும் மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே உள்ளே வந்துவிடும். கண்ணாடி இழைக் கேபிளில் மின்சாரம் பாயாது. செம்பு நெட்வொர்க் கேபிளுக்குள்ள 100 மீட்டர் வரம்பும் அதற்கு இல்லை.

முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் கருவியை இளைஞர்கள் விரும்பினார்கள். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். கார்டு தொலைந்தால் எண்ணை நீக்கிவிடலாம், முகத்தை மாற்ற முடியாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் வந்த திருத்தமும், முகம், கைரேகை போன்ற உடல் அடையாளங்களைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் உணர்வுநுட்பத் தரவுகளில் சேர்த்திருக்கிறது. அதற்கு ஒவ்வொருவரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் கடைசியாக நாங்கள் எழுதச் சொன்னது கார்டுகளின் ரகசியச் சாவி பற்றி. அது விற்பவரிடம் மட்டும் இருந்தால், நாளைக்கு ஒரு கார்டு கூடுதலாகத் தேவைப்பட்டாலும் அவரிடம்தான் போக வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. இப்போது அந்தச் சாவி எண்ணின் ஒரு பிரதி முத்திரையிட்ட உறையில் நிர்வாகக் குழுவின் பெட்டகத்தில் இருக்கிறது.