எலியை யார் குத்தியது?

வியாசர்பாடியில் வளர்ந்தவனுக்கு நாக் அவுட் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். குத்துச்சண்டையில் அடி வாங்கியவன் எழுந்திருக்க மாட்டான். கால்பந்தில் தோற்ற டீம் மூட்டை கட்டும். ஆனால் உயிரியல் படிக்கும் அக்கா மகள் போன வாரம் ஒரு தமிழ்க் கட்டுரையைக் காட்டி, "மாமா, இந்த எலிய யாரு குத்துனது?" என்றாள். ஆங்கிலத்தில் 'நாக் அவுட் மௌஸ்' என்பதற்கு 'வீழ்த்தப்பட்ட எலி' என்று போட்டிருந்தது. இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை.

விழுவது எலி இல்லை, மரபணு. மீட்டர் போர்டில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போமே, அதே வேலைதான். கேட்டா-1 என்ற மரபணுவை அணைத்தால் சிவப்பணுக்கள் முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. கரு 10, 11 நாளிலேயே இரத்தசோகையில் இறக்கிறது. அந்த மரபணுவின் வேலை என்னவென்று இப்படித்தான் தெரிந்தது. 1989இல் பிறந்த இந்த நுட்பத்துக்காகக் கப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் கிடைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மரபணு நீக்கிய எலி' என்று ஒரு கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் மரபணுவைப் பிடுங்கி எறியவில்லை. அதன் நடுவே வேறொரு டிஎன்ஏ துண்டைச் செருகிக் கெடுத்தார்கள். வீட்டுப் பூட்டில் தீக்குச்சியை உடைத்துவிட்டால் பூட்டு போய்விட்டதா என்ன? இருக்கிறது, திறக்காது. 'மரபணு மாற்றிய எலி' என்பது இன்னும் மோசம். புது மரபணுவைச் சேர்த்த எலியும் அதில் அடங்கிவிடும். அது நேர் எதிர் வேலை.

என் ஓட்டு 'மரபணு முடக்கம்' என்பதற்கு. முடம், முடவன், முடங்கு, முடக்கு எல்லாம் ஒரே குடும்பம். வங்கிக் கணக்கை முடக்கினார்கள் என்றால் பாட்டிக்கும் புரிகிறது: கணக்கு இருக்கிறது, வேலை செய்யாது. ஆனால் மரபணுவை விட்டுவிட்டு 'முடக்கப்பட்ட எலி' என்று சுருக்கிவிடாதீர்கள், அது கால் விளங்காத எலியாகிவிடும். அப்புறம், மௌஸ் என்பது சுண்டெலி. எலி வேறு. ஆய்வகத்தில் இரண்டும் வேறு வேறு விலங்கு. குருதியா இரத்தமா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறவர்களுக்கு இது மட்டும் கண்ணில் படுவதில்லை. ஆக, மரபணு முடக்கச் சுண்டெலி.

இரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ரன்க்ஸ்-1 என்ற மரபணுவை முடக்கினால் குட்டி பிறப்பதற்கு முன்பே இறந்துவிடும். வளர்ந்த சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையில் அதற்கு என்ன வேலை என்று பார்க்க முடியாது. அதனால் வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் மட்டும் முடக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கிலத்தில் 'கண்டிஷனல் நாக் அவுட்'. அக்கா மகள் காட்டிய அதே கட்டுரை அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நிபந்தனைக்குட்பட்ட வீழ்த்தல்'. பத்திரப்பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குத்து வாங்கியதோ என்னவோ.