கன்வெர்ட்டிபிள் நோட்: கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

காசிமேட்டில் மீன் பதப்படுத்தும் நிறுவனம் தொடங்கிய ஓர் இளைஞர், தாய்மாமனிடம் 10 லட்சமும் நண்பர்கள் இருவரிடம் தலா 8 லட்சமும் வாங்கி, மூவருக்கும் ‘கன்வெர்ட்டிபிள் நோட்’ எழுதிக் கொடுத்த பிறகே என்னிடம் வந்தார். மூன்றில் ஒன்றுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று அவரிடம் சொல்வது எனக்கு வேதனையாக இருந்தது.

இந்த நோட், முதலில் கடனாக வந்து, அடுத்த சுற்று முதலீட்டின்போது பங்காக மாறும் பணம். 2016 முதல் இது பொது வைப்புத்தொகையாக, அதாவது நிறுவனங்கள் பிறரிடம் வாங்கக் கடும் கட்டுப்பாடு உள்ள பணமாக, கருதப்படுவதில்லை. ஆனால் ஒரே நபர், ஒரே தவணையில், குறைந்தது 25 லட்சம் தந்திருக்க வேண்டும். மூவர் சேர்ந்து 26 லட்சம் தந்தாலும், ஒருவரே இன்று 15, அடுத்த மாதம் 10 என்று தந்தாலும் இந்த விலக்குப் பொருந்தாது. வைப்புத்தொகை விதியை மீறினால் பொறுப்பான இயக்குநருக்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உறவினரிடம் ஐந்தும் பத்துமாகத் திரட்டித் தொழில் தொடங்கும் வடசென்னைப் பிள்ளைகளை இந்த விதி எவ்வளவு எளிதாகச் சிக்க வைக்கிறது என்பதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நிறுவனம் பிரைவேட் லிமிடெடாக இருக்க வேண்டும். எல்எல்பிக்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மைக்கு) இந்த வழி இல்லை. மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டிபிஐஐடி தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரச் சான்றிதழ் கையில் கிடைத்த பின்பே பணத்தை வாங்குங்கள். ‘விண்ணப்பித்துவிட்டோம், வந்துவிடும்’ என்னும் ஆடிட்டரின் சொல் சான்றிதழ் ஆகாது. நோட் வழங்கும் முன் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் தேவை.

வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால், நோட் வழங்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கான ‘படிவம் சிஎன்’ தாக்கல் செய்ய வேண்டும். அதற்குத் தேவையான, பணம் அனுப்பியவரின் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) அறிக்கைக்காக ஒரு வங்கிக் கிளை எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது. அங்கே தாமதமானாலும் அபராதம் நிறுவனத்துக்குத்தான். ஆகவே அறிக்கைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

தள்ளுபடி (அடுத்த சுற்றின் பங்கு விலையில் நோட் வைத்திருப்பவருக்குத் தரும் குறைப்பு), மதிப்பு உச்சவரம்பு (நோட்டைப் பங்காக மாற்றும்போது நிறுவனத்துக்குக் கணக்கிடும் அதிகபட்ச மதிப்பு) ஆகிய இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த சுற்றில் பங்கு விலை 100 ரூபாய், தள்ளுபடி 20 சதவீதம் என்றால், 25 லட்சத்துக்கு 25,000 அல்ல, 31,250 பங்குகள் போகும். உச்சவரம்பு 4 கோடியாக இருந்து நிறுவனத்தின் மதிப்பு 8 கோடியானால், அதே 100 ரூபாய் விலை அவருக்குப் பாதியாகி, 50,000 பங்குகள் போய்விடும். நோட்டுக்குப் பத்தாண்டு வரை காலக்கெடு வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 18 மாதத்தில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தால் கையெழுத்திடாதீர்கள்.

25 லட்சம் தரும் ஒருவர் கிடைக்காதவர்கள் முறைப்படி பங்கே வழங்கிவிடலாம். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையேல் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதுவும் தவறினால் அந்தப் பணமும் வைப்புத்தொகையாகிவிடும்.