வயர் இன்டர்நெட்டும் அறுந்து அறுந்து போகிறதா?

வைஃபை சரியில்லை என்று வயர் இழுத்தவர்களுக்கு, அந்த வயரிலும் லைன் விட்டுவிட்டு வந்தால் வெறுத்துப்போகும். சிலர் உடனே கம்பனிக்குப் போன் எடுப்பார்கள். சிலர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்வார்கள். திருகோணமலையில் நெட்வேர்க் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பழுது கிடந்தது வயரின் நுனியில்தான். அதைப் பார்க்காமல் காசு செலவழிக்காதீர்கள்.

நம் ஊர் நிலவரம் அப்படி. நகரத்தின் மூன்று பக்கமும் கடல். யன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் எவ்வளவு வேகமாகக் கறள் பிடிக்கின்றன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதே உப்புக் காற்றுத்தான் ரவுட்டரில் வயர் செருகும் துளைக்குள்ளும் போகிறது. வயரின் நுனியில் இருக்கும் நெட்வேர்க் கிளிப்பில் 8 சின்னத் தகடுகள் இருக்கும். அவற்றின் மேல் தங்கப் பூச்சு உண்டு, ஆனால் மிக மெல்லியது. மலிவான கிளிப்பில் இன்னும் மோசம். பூச்சு தேய்ந்த இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

மனையாவெளிப் பக்கம், கடலைப் பார்த்த ஒரு வீடு. ஒன்லைனில் வகுப்பு எடுக்கும் ஒரு ரீச்சர். "தம்பி, மழை எண்டால் லைன் போகுது, வெயில் எண்டால் நல்லா இருக்கு. வெளியில போஸ்டிலதான் ஏதோ பழுது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, மழைக்கு வெளி லைன் கெடுவதும் உண்டு. ஆனால் ரவுட்டர் திறந்த யன்னலுக்கு நேர் கீழே இருந்தது. கிளிப்பைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால் மூன்றாவது தகட்டில் பச்சை. ஈரம் ஏறும்போது தொடர்பு விடுகிறது, காய்ந்தால் திரும்பப் பிடிக்கிறது. நுனியை வெட்டிப் புதுக் கிளிப் அடித்து, ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றி, ரவுட்டரையே உள்சுவருக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு லைன் அறவில்லை.

எந்தத் தகடு கெட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். கேபிளுக்குள் 8 கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய 4 சோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள், அதாவது செம்மஞ்சள், பச்சைச் சோடிகள் போதும். 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டும் வேண்டும். அதனால் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீட் பாருங்கள். ரவுட்டரும் கணினியும் 1000 தாங்கக்கூடியவையாக இருந்தும் 100 என்று காட்டினால், நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ ஒரு கம்பி பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். துளைக்குப் பக்கத்தில் உள்ள லிங்க் லைட் முழுதாக அணைந்து அணைந்து எரிந்தால் செம்மஞ்சள், பச்சைச் சோடிகளையும் பார்க்க வேண்டும்.

சரி, பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று எப்படிப் பிரிப்பது? விண்டோஸில் கட்டளை எழுதும் கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து ஐபிகான்பிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் டிஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் வரும், அதுதான் உங்கள் ரவுட்டர். அந்த எண்ணுக்குப் பிங் (ping) கொடுங்கள், பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. கடைசியில் ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு கமாண்ட் ப்ரொம்ப்டில், இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கும் அதே மாதிரி. லைன் அறும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். ரவுட்டரிடமிருந்தே பதில் வரவில்லையென்றால் பழுது வீட்டுக்குள், கம்பனிக்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. ரவுட்டர் ஒழுங்காகப் பதில் தந்து மற்றது மட்டும் விழுந்தால் வெளி லைன் பக்கம். இரண்டும் ஓடியும் இணையதளம் திறக்கவில்லையென்றால் இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். கணினியின் ஐபி எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை.

பழுது வீட்டுக்குள் என்றால் ஒன்றொன்றாக மாற்றிப் பாருங்கள். முதலில் கேபிள், பிறகு ரவுட்டரின் துளை, அப்புறம் அதே கேபிளில் வேறொரு லப்டொப். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

கேபிள் வாங்கும்போது நுனியை பிளேட்டால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, ஆனால் சீக்கிரம் முறியும், நம் காற்றுக்குச் சீக்கிரம் கெடும். கிளிப் அடிப்பவரிடமும் நிறவரிசையைக் கேளுங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம் என்று அடுத்தடுத்து அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். லைட் எரியும் சாதாரண டெஸ்டர் அதை எட்டும் சரி என்றே காட்டும். ஆனால் 3ஆம் 6ஆம் கம்பிகள் ஒரே சோடியாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும். அது பிரிந்தால் பெரிய கோப்பு இறக்கும்போதுதான் லைன் தடுமாறும். எனக்கு மிகவும் கோபம் வரும் வேலை இது, ஏனென்றால் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவே முடியாது.

கேபிளும் துளையும் சுத்தம் என்றால்தான் கணினியின் உள்ளே போங்கள். டிவைஸ் மனேஜரில் நெட்வேர்க் அடப்டரின் பவர் மனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற தெரிவில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை கணினி அல்லது மதர்போர்ட் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் இடி முழங்கும்போது பலர் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள். நெட்வேர்க் கேபிள் வழியாகவும் மின்னல் அதிர்ச்சி வரும், அதையும் இடி நெருங்குமுன் கழற்றிவிடுங்கள். நெட்வேர்க் துளை அரைகுறையாக எரிந்து லைன் தடுமாறும் கணினிகள் ஒவ்வொரு மாரிக்கும் வருகின்றன. அதற்கு மதர்போர்ட் மாற்ற வேண்டியதில்லை, யுஎஸ்பியில் செருகும் ஒரு ஈதர்நெட் அடப்டர் பெரும்பாலும் போதும்.

வெளி லைன்தான் பழுது என்று தெளிவானால், பிங் விழுந்த நேரங்களை எழுதிவைத்து, பைபர் என்றால், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) லைட் சிவப்பாக எரிந்ததா என்பதையும் சேர்த்துக் கம்பனிக்குச் சொல்லுங்கள். கணினியிலிருந்து ரவுட்டர் வரைக்கும் லைன் அறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால், அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்ற பதிலோடு அவர்கள் நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.