குப்பியைக் குலுக்கிப் பார்த்தால் தெரியும்

“கரன்ட் போனால் கிளினிக்கில் இருக்கிற தடுப்பூசியெல்லாம் பழுதாகிவிடாதா?” வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்து நாடே இருண்டதை அவர் மறக்கவில்லை போலும்.

கரன்ட் போனாலும் சமாளிக்க வழி செய்து வைத்திருக்கிறார்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேஸிலுள்ள தொற்றுநோயியல் பிரிவிலிருந்து மாவட்டக் களஞ்சியம், அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று மருந்து போகும் வழியெல்லாம் 2 முதல் 8 பாகை செல்சியஸ் காக்கப்பட வேண்டும். இதற்கென்று செய்த குளிர்சாதனப் பெட்டிகளின் சுவருக்குள் பனிக்கட்டிப் படலம் இருக்கும். கதவு மேற்பக்கம் திறக்கும். குளிர்ந்த காற்று கனமானது, திறந்தாலும் அடியிலேயே கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நியமப்படி, வெளியே 43 பாகை கொளுத்தினாலும் மின்சாரமின்றி 20 மணித்தியாலமாவது அது தாக்குப்பிடிக்க வேண்டும். மூடியை அடிக்கடி திறக்காமல் இருந்தால் சரி.

ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. ‘குளிர் கூடினால் இன்னும் நல்லது’ என்று நினைத்துத்தான் பல குப்பிகளைக் கெடுக்கிறோம். வாய்வழிப் போலியோ மருந்து உறைந்தாலும் பரவாயில்லை. 2, 4, 6 மாதங்களில் போடும், ஐந்து நோய்களுக்கான பென்டாவலன்ட் ஊசியும், ஏழாம் வகுப்பில் போடும் ஏற்பு-தொண்டைக்கரப்பான் ஊசியும் அப்படியல்ல. அவற்றில் அலுமினிய உப்பின் நுண்துகள்கள் மிதக்கின்றன. நோயெதிர்ப்பைத் தூண்டும் புரதம் அவற்றின் மேல் ஒட்டியிருக்கும். நீர் உறையும்போது பனிப்படிகம் தனக்குள் துகளைச் சேர்த்துக்கொள்ளாது, ஓரத்துக்குத் தள்ளிவிடும். இடமில்லாமல் நெருக்கப்பட்ட துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. உருகிய பிறகும் அவை பிரிவதில்லை, மருந்தின் வீரியம் போய்விடும். பார்வைக்கோ அதே பால்வெள்ளைத் திரவம்தான்!

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. அதே கம்பனி, அதே தொகுதி இலக்கக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே இரவு முழுக்க உறைய வைத்து, ‘பாவிக்க வேண்டாம்’ என்று எழுதி, உருக விடுங்கள். சந்தேகக் குப்பியையும் அதையும் ஒரே கையில் பிடித்துப் பத்துப் பதினைந்து வினாடி குலுக்கி, வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். உறைந்து உருகியதில் கட்டிகள் கனமாக இருப்பதால் விறுவிறுவென்று இறங்கும். மேலே தெளிந்த நீர், அடியில் வண்டல். சந்தேகக் குப்பியும் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் கழித்துவிட வேண்டியதுதான். உறைந்து கல்லாகவே கண்ட குப்பிக்கு இந்தச் சோதனையும் தேவையில்லை, நேரே ஒதுக்கலாம்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஐஸ் பெக்கில். ஃப்ரீசரிலிருந்து எடுத்த 0.4 லீற்றர் பெக் மைனஸ் 20 பாகையில் இருக்கும். மருந்தைக் கொண்டுபோகும் பெட்டியில் அதை அப்படியே அடுக்கினால் பக்கத்துக் குப்பியும் உறையும். மேசையில் பரப்பி, மேலே வியர்த்து, காதோரம் ஆட்டும்போது உள்ளே ‘களக் களக்’ என்று தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை பொறுக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் அரை மணி நேரமளவில் கேட்கும். பனியும் நீரும் சேர்ந்திருந்தால் வெப்பநிலை பூச்சியத்தை விட்டு அசையாது. காத்திருப்பதால் இழக்கும் குளிர் சுமார் 17 கிலோ ஜூல். மீதிப் பனி உருக இன்னும் 134 வேண்டும். மொத்தக் குளிரில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மருந்தைக் காப்பாற்றுகிறோம். அவசரக் காலையில் இந்த அரை மணித்தியாலத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

குப்பியில் ஒட்டிய சதுர அடையாளம் வெப்பத்தால் மட்டுமே கறுக்கும், உறைந்ததைச் சொல்லாது. உறைதலைத் தடுக்கும் புரொப்பிலீன் கிளைகோல் என்ற திரவத்தைச் சேர்த்தால் ஹெபடைடிஸ் பி மருந்து உறைதலைத் தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியாயிற்று. ஆனால் சேர்மானத்தை மாற்றினால் அனுமதிக்கான பரிசோதனைகளையும் புதிதாக நடத்த வேண்டும். மலிவான பழைய மருந்துக்கு அந்தச் செலவை எந்தக் கம்பனி ஏற்கும்? அரச ஆராய்ச்சி நிதி போக வேண்டிய இடம் இது என்பது என் கட்சி.

அதுவரை, பெட்டியின் பதிவுக்கருவியில் மைனஸ் 0.5 பாகை எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். குப்பிகளைப் பிரித்து, குறிப்பெழுதி ஒட்டி, 2–8 பாகையிலேயே வைத்து, மேலிடத்துக்கு அறிவியுங்கள். குலுக்கல் சோதனையைத் தொகுதிக்குத் தொகுதி தனித்தனியாகச் செய்ய வேண்டும்.